இன்னொருவன் தட்டுக்கு எழாத சம்மட்டி

“இன்னொருத்தன் தட்டுற தட்டுக்கு என் சம்மட்டி எழும்பாது. இந்தப் பிறவிக்கு மட்டும் சொல்லல. இன்னும் ஏழு பிறவிக்கும் சேர்த்து இப்பவே சொல்லி வச்சிடறேன்!”

வாள்கொல்லர் சுகேதோரா இப்படி அறிவித்தது துருத்தித் திருவிழா அன்று. அன்றைக்கு எங்கள் மலைப் பக்கத்தில் எந்தக் கொல்லரும் உலை மூட்ட மாட்டார். துருத்தியைக் கழுவித் துடைத்து, அதன் முன்னால் சாக்கே மதுவும் ஆரஞ்சுப் பழமும் வைத்துக் கும்பிடுவார்கள். பிறகு பழங்களை வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளின் தலையைப் பார்த்து வீசுவார்கள். மதுவைத் துருத்தி குடிக்காது என்பதால் அந்தப் பொறுப்பையும் கொல்லர்களே ஏற்றுக்கொள்வது வழக்கம். சுகேதோரா அந்த வருடம் பொறுப்பைச் சற்றுத் தாராளமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு இவகுரே ரயில் நிலையத்தின் வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. கையில் சிறு சுத்தியல், எதிரே பட்டடை, பட்டடைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. சிலை செய்தவர் சிக்கனத்துக்காகச் செய்திருக்கலாம். ஆனாலும் அவர் வாழ்க்கையை அதைவிடச் சரியாக யாரும் வார்த்ததில்லை. கீழே உள்ள பலகை, முதுமையில் ஒருநாள் மலைத் தெய்வம் அவரை நேரில் அழைத்துக்கொண்டது என்றும், இடி இடிக்கும்போதெல்லாம் அவர் மேலே வாள் அடிக்கிறார் என்றும் சொல்கிறது. எதிரே உள்ள கடையில் வாள் வடிவத்தில் பயறு மிட்டாய் கிடைக்கும். அது எதையும் வெட்டாது. அந்த ஒரு விஷயத்தில் அது அசல் வாளை அப்படியே ஒத்தது.

ஏனென்றால் சுகேதோரா வாழ்ந்த காலம் பெரும் அமைதிக் காலம். சாமுராய்கள் இடுப்பில் இரண்டு வாளோடு பிறந்து, இரண்டு வாளோடு வயதாகி, எதையும் வெட்டாமல் செத்துப்போனார்கள். வாளுக்கு அன்று இருந்த ஒரே எதிரி மழைக்கால ஈரம். வருடத்துக்கு ஓரிரு முறை உறையிலிருந்து உருவி, பழைய எண்ணெயைத் துடைத்து, கிராம்பு எண்ணெய் புதிதாகத் தடவி, “ஆஹா” என்று சொல்லிவிட்டு உறையில் போடுவார்கள். சுகேதோராவின் வாள்கள் வெட்டியவை சில வைக்கோல் கட்டுகளும், கோட்டைக் காவலர் ஒருவரின் சொந்தக் கட்டை விரலும்தான். அந்தக் குடும்பம் அதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் அந்த “ஆஹா” இருக்கிறதே, அதை அவர் வாள் வாங்கிய அளவுக்கு வேறு எந்த வாளும் வாங்கியதில்லை.

வாள் அடிப்பது தனி ஆள் வேலை அல்ல. பட்டடைக்கு இந்தப் பக்கம் மேஸ்திரி. இடுக்கியில் பழுத்த இரும்பைப் பிடித்துக்கொண்டு சிறு சுத்தியலால் ‘டிங்’ என்று ஒரு தட்டு தட்டுவார். எங்கே, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் அந்தத் தட்டுக்குள் இருக்கும். அந்தப் பக்கம் நிற்பவன் தலைக்கு மேல் சம்மட்டியைத் தூக்கி அதே இடத்தில் ‘தொம்’ என்று போட வேண்டும். டிங், தொம். டிங், தொம். மேஸ்திரி கேள்வி கேட்பதும் அவன் பதில் சொல்வதும் போல. பதில் இல்லையென்றால் கேள்வி வெறும் சத்தம்.

சுகேதோராவுக்குப் பல வருடம் பதில் சொன்னவன் மொகிச்சி. அவரைவிடக் கொஞ்சம் இளையவன், இடது கைக்காரன், வாய் பேசாதவன் என்று ஊர் நினைக்கும் அளவுக்கு அமைதியானவன். நாள் முழுக்க அவனுக்குக் கிடைத்த பாராட்டு ஒன்றே ஒன்று: “பிந்திட்டே!” அவன் பிந்தவில்லை என்றால் அந்தப் பாராட்டும் கிடைக்காது.

திருவிழா அன்று கோட்டையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். “மேஸ்திரி, உங்க வாளோட அழகே அந்த இரும்போட தோல்தான். ஆத்துத் தண்ணி ஓடற மாதிரி ரேகை. அது இந்தச் சம்மட்டிக்காரரோட கைங்க, இல்லையா?”

“கையா?” என்றார் சுகேதோரா. “அது என் கைங்க. சோறு மட்டும் தனியாத் தின்னுது.”

எல்லோரும் சிரித்தார்கள். மொகிச்சியும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் அவன் வழக்கத்துக்கு மாறாக ஒரு முழு வாக்கியம் பேசினான். “மேஸ்திரி, ஒரே ஒருநாள் நீங்க அந்தப் பக்கம் நின்னு பாருங்களேன். நான் தட்டறேன்.”

அதற்குத்தான் அந்த ஏழு பிறவி அறிவிப்பு.

மறுநாள் காலையில் சம்மட்டி துடைத்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மொகிச்சி இல்லை. கணவாய்க்கு அப்பால் சுகெனோ கிராமத்துக்குப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது.

“போகட்டும். சம்மட்டி இங்கேதானே இருக்கு” என்றார் சுகேதோரா.

சம்மட்டி அங்கேயேதான் இருந்தது. தூக்குவதற்குத்தான் வந்தவர்கள் நிற்கவில்லை. ஒருவன் இதைவிட சன்னியாசம் எளிது என்று தலையை மழித்துக்கொண்டு மடத்தில் சேர்ந்தான். ஒருவன் மல்யுத்தத்துக்குப் போய், அங்கே அடி குறைவு என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினான். இன்னொருவன் கொல்லைப் பக்கம் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று போனான். இன்னும் வந்தபாடில்லை. அவர்களை வைத்து அடித்த வாள்களின் தோல் என்னவோ கஞ்சி ஆடை மாதிரி மந்தமாக இருந்தது. சுகேதோரா முதலில் கரியைக் குறை சொன்னார். பிறகு ஆற்றுத் தண்ணீரை. பிறகு இரும்பு மணல் அரிக்கிறவர்களின் ஒழுக்கக் குறைவை. கடைசியில், காலம் கெட்டுவிட்டதால் இரும்பும் கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்து உலையை அணைத்தார்.

வீட்டிலும் அவருக்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று இருந்தது. மனைவி ஓசென். அவள் பேசுவாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்கிறார் என்பதற்கு அடையாளமாக ஒரு “ம்” கூடப் போட மாட்டார். அடுத்தவர் பேச்சுக்கு ‘ம்’ கொட்டுவது சம்மட்டிக்காரன் வேலை என்பது அவர் சித்தாந்தம். ஓசென் நல்ல குடும்பப் பெண். கணவன் செய்யாத வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்வாள். “முள்ளங்கி ஊறுகாய்ல உப்பு தூக்கலாப் போச்சு. ம். அடுத்த தடவை குறைச்சுக்கறேன். ம்.” இப்படியே ஒரு ஆயுள் ஓடியது. ஒரு குளிர்காலத்தில் அவள் இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். வீட்டில் பேச்சும் போயிற்று, ‘ம்’மும் போயிற்று.

அதன் பிறகுதான் சுகேதோராவுக்கு அந்தப் பழக்கம் வந்தது. கையில் எது இருந்தாலும் தட்டுவார். தேநீர்க் கெண்டியின் விளிம்பில், சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில், குளியல் தொட்டியில். டிங் என்று ஒரு தட்டு. தட்டிவிட்டுத் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருப்பார். ஏன் காத்திருக்கிறார் என்று கேட்டால் அடிக்க வருவார். ஒரு வசந்தத்தில் பின்பக்கத் தேவதாரு மரத்தில் ஒரு மரங்கொத்தி வந்து உட்கார்ந்தது. இவர் கெண்டியைத் தட்டினார். அது மரத்தைக் கொத்தியது. இவர் மறுபடி தட்டினார். அது யோசித்துவிட்டுக் கொத்தியது.

“பிந்திட்டே!” என்று அதட்டினார் சுகேதோரா.

அந்த வசந்தம் முழுக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததாகத் தோஃபு எனும் சோயாக் கட்டி விற்கும் ஓகுமா சொல்வாள். பிறகு மரங்கொத்தியும் போய்விட்டது. எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மடத்தில் சேரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஓகுமா கைம்பெண். காலையில் வாளியோடு வந்து வாசலில் நின்று குரல் கொடுப்பாள்.

“மேஸ்திரி, இருக்கீங்களா, போயிட்டீங்களா?”

“தோஃபுவை வச்சிட்டுப் போ.”

“சொல்லிட்டீங்கன்னா எனக்கும் வசதி. செத்தவருக்கு வச்ச தோஃபுவைப் பூனையில்ல தின்னுட்டுப் போகும்?”

பதில் வராது. ஆனால் அவள் அந்தப் பதிலுக்காக வருகிறவள் இல்லை. ஊர்ச் செய்தியைத் தோஃபுவோடு சேர்த்து இறக்கி வைத்துவிட்டுத்தான் போவாள்.

“சுகெனோ மொகிச்சி அடிச்ச அரிவாள் ஒண்ணு வாங்கினேன். புல்லு அறுக்கற மாதிரியே இல்ல, புல்லு தானா விழற மாதிரி இருக்கு.”

“அரிவாள்தானே.”

“பாவம், பொண்டாட்டி ஓஷிமாதான் அவனுக்குச் சம்மட்டி. இப்ப அவளுக்குத் தோள்பட்டை இறங்கிப் போச்சாம். கையைத் துணியில கட்டித் தொங்க விட்டிருக்கா. அவன் ஒத்தை ஆளா ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டிருக்கானாம்.”

சுகேதோரா தோஃபுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ம்னாவது சொல்லுங்க மேஸ்திரி. சுவத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலி வருது.”

அந்த இலையுதிர்காலத்தில், கூரையடியில் காக்கி எனும் ஆரஞ்சு நிறப் பழங்களை உரித்து, காய்வதற்காகக் கட்டித் தொங்கவிடும் சமயத்தில், கோட்டையின் வாள் அறைக்குப் பொறுப்பாளரான நிரசாவா வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். வாளைவிட வாள் உறைகளைப் பற்றி அதிகம் அறிந்தவர். உறைகளைவிட அவற்றைக் கட்டும் பட்டுக் கயிற்றின் முடிச்சுகளைப் பற்றி. பட்டுத் துணியை அவிழ்த்து ஒரு வாளை இரண்டு கையாலும் நீட்டினார்.

“கணவாய்க் கோவில்ல யாரோ காணிக்கையா வச்சது, மேஸ்திரி. கோவில் பூசாரி கோட்டைக்குக் கொடுத்துட்டார். இளைய பிரபு வாலிபராயிட்டார்னு முன்முடி மழிக்கிற சடங்கு வருது. அன்னிக்கு அவர் இடுப்புல இதைக் கட்டலாம்னு பெரியவங்க நினைக்கறாங்க. ஆனா யார் அடிச்சதுன்னு தெரியணுமில்ல? பேர் வெட்டல.”

கொல்லன் தன் பெயரை வெட்டுவது வாளின் வாலில், கைப்பிடிக்குள் மறைந்து போகும் இடத்தில். ஆனால் வாலைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கௌரவக் குறைச்சல். கைப்பிடியைக் கழற்றாமல், இரும்பின் முகத்தை மட்டும் பார்த்து அப்பன் பெயர் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

சுகேதோரா வாளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினார். இரும்பின் தோலில் ஆற்றுத் தண்ணீர் ஓடியது. கூழாங்கல்லில் மோதி, சுழித்து, மறுபடி ஓடியது. அவர் வாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“என் பிள்ளை” என்றார் கடைசியில்.

“நிச்சயமா?”

“பெத்தவனுக்குத் தெரியாதா? பெரும்பனி விழுந்த வருஷம் அடிச்சது. அன்னிக்குக் காலைல எனக்கு வயிறு சரியில்ல. அப்படியும் அடிச்சேன்.” வயிற்று வலிகூட ஞாபகம் இருந்தது அவருக்கு. நடக்காத ஒன்றுக்கு இவ்வளவு துல்லியமான வயிற்று வலி அபூர்வம்.

“பேர் ஏன் வெட்டல?”

“தெய்வத்துக்கு வச்சது. தெய்வத்துக்கு என்னைத் தெரியாதா?”

நிரசாவாவுக்கு முகமெல்லாம் பூ. “அப்போ இப்ப வெட்டிடுங்க மேஸ்திரி. மனுஷங்களுக்கும் தெரியட்டும். நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கறேன். கோட்டைல முதல் இடத்துல வைப்பாங்க. உங்க பேர் இந்த மலை இருக்கற வரைக்கும் இருக்கும்.”

அவர் போனதும் சுகேதோரா உளியையும் சுத்தியலையும் துடைத்து எடுத்து வைத்தார். கைப்பிடியின் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். வலது முஷ்டியில் வாளை நிமிர்த்திப் பிடித்து, மணிக்கட்டில் இடது கையால் ஒரு குத்து. கைப்பிடி நழுவிக் கழன்றது. வால் வெளியே வந்தது.

வாலில் அரம் போட்ட கோடுகள் சாய்வாக ஓடின. அதில் குற்றமில்லை. எல்லா வாலிலும் ஓடும். ஆனால் இவை எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

சுகேதோரா வாளைத் திருப்பிப் பார்த்தார். அப்படியே இருந்தது. பிறகு தானே சுற்றி மறுபக்கம் போய் உட்கார்ந்து பார்த்தார். அரம் அப்போதும் எதிர்ப்பக்கம்தான். இடது கையால் அரம் போடுகிற ஒரே ஒரு ஆளைத்தான் அவர் தன் ஆயுளில் பார்த்திருந்தார். ஒருமுறை அவனை ஒரு வாலுக்கு அரம் போடச் சொல்லிவிட்டு, “இதென்ன, மழை கீழேருந்து மேல பெய்யுது?” என்று திட்டி, எல்லாவற்றையும் அழித்துத் திரும்பத் தானே போட்டார்.

உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து தன் கடைசி வாளை எடுத்து வந்து இதன் பக்கத்தில் வைத்தார். அதில் கஞ்சி ஆடை. இதில் ஆறு. அப்புறம் மொகிச்சி இருந்த காலத்தில் அடித்து, தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு குறுவாளை எடுத்து வைத்தார். அதில் அதே ஆறு. கரியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றியும் இல்லை.

உளியை எடுத்து வாலில் வைத்தார். பெயர் வெட்ட அதிக நேரம் ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார். அரக் கோடு எந்தப் பக்கம் சாய்ந்தால் இளைய பிரபுவுக்கு என்ன? கைப்பிடிக்குள் போய்விட்டால் நூறு வருடத்துக்கு யாரும் பார்க்கப் போவதில்லை. சுத்தியலை ஓங்கினவர், பழக்கதோஷத்தில், முதலில் பட்டடையின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டார்.

டிங்.

தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். சம்மட்டி சுவரில் சாய்ந்தபடி இருந்தது. அதன் காம்பில் சிலந்தி ஒன்று குடித்தனம் வைத்திருந்தது. சாயங்கால வெயில் பட்டடையைக் கடந்து, அந்தப் பக்கம் ஆள் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

உளியைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் நிரசாவா வந்தபோது வாள் துணியில் சுற்றிக் கட்டித் தயாராக இருந்தது. சுகேதோராவும் வைக்கோல் செருப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.

“பேர் வெட்டியாச்சா?”

“இது என்னுது இல்ல.”

“நேத்து என் பிள்ளைன்னீங்களே!”

“நேத்து கண்ணுல புகை.”

“உலையே மூட்டலியே மேஸ்திரி?”

“அதான் சொல்றேன். மூட்டாத உலையோட புகை ரொம்ப மோசம்.”

நிரசாவா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பெரியவங்ககிட்ட உங்க வாள்னு சொல்லிட்டு வந்துட்டேன். நான் எதுவும் கேட்கல. நீங்களும் எதுவும் சொல்ல வேண்டாம். என்னுதுதான்னு தலையாட்டி, ஒரே ஒரு ‘ம்’ போட்டீங்கன்னா போதும். முடிஞ்சு போச்சு.”

“எனக்கு ‘ம்’ போட்டுப் பழக்கம் இல்லீங்க” என்றார் சுகேதோரா. “அடிச்சவன் உயிரோட இருக்கான். பேரை அவன்தான் வெட்டணும். சடங்குக்குள்ள வந்துடும், நான் கொண்டு போறேன்.”

தெருமுனையில் ஓகுமா வாளியோடு எதிரே வந்தாள். மேஸ்திரி வீட்டை விட்டு வெளியே வந்ததைப் பார்த்ததில் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

“எங்கே கிளம்பிட்டீங்க?”

“மேல” என்று கணவாய்ப் பக்கம் கை காட்டினார்.

“எப்ப வருவீங்க?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஓகுமா அதை உள்ளது உள்ளபடிதான் ஊரில் சொன்னாள். கேட்டவர்கள் கொஞ்சம் சேர்த்தார்கள், அவர்களிடம் கேட்டவர்கள் இன்னும் கொஞ்சம். பலகையில் ஏறும்போது அது மலைத் தெய்வமாகிவிட்டது. இவ்வளவு தூரம் ஏறி வந்த செய்தியைக் குறை சொல்லக் கூடாது.

கணவாய்ப் பாதையில் நாணல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சுகேதோரா மெதுவாக நடந்தார். இறக்கத்தில் சுகெனோவின் கூரைகள் தெரிவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டது.

டிங்.

பிறகு ஒன்றுமில்லை.

டிங்.

பிறகு ஒன்றுமில்லை. இடுக்கி கீழே விழுந்த சத்தம். ஒரு முனகல். மறுபடியும் டிங்.

அவர் நின்று கேட்டார். அந்த ஒன்றுமில்லாமையை அவர் அளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை. கெண்டி விளிம்பிலும் தட்டின் ஓரத்திலும் அதை அவர் தினமும் கேட்டிருக்கிறார். இப்போதுதான் முதல்முறையாக இந்தப் பக்கம் நின்று கேட்கிறார்.

உலைக் கொட்டகை வாசலில் ஓஷிமா ஒரு கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே காக்கிப் பழத்தை இடுக்கி, மறு கையால் உரித்துக்கொண்டிருந்தாள். வந்தவரைப் பார்த்ததும் கத்தி நின்றது. எழுந்திருக்கப் போனவளை இருக்கச் சொல்லிக் கை காட்டினார்.

உள்ளே மொகிச்சி. தலை முழுக்க வெளுத்திருந்தது. வலது கையில் இடுக்கி, இடது கையில் சுத்தியல். பட்டடையில் பழுத்த இரும்பு. தட்டினான். சுத்தியலைப் போட்டுவிட்டு மறுபக்கம் ஓடிச் சம்மட்டியைத் தொட்டான். அதற்குள் இரும்பு நழுவியது. நிமிர்ந்தவன் வாசலில் நிற்பவரைப் பார்த்தான். எத்தனையோ வருடத்துப் பேச்சு இருவர் வாயிலும் இருந்தது. ஆனால் இரும்பு ஆறிக்கொண்டிருந்தது.

மொகிச்சி இரும்பை உலைக்குள் தள்ளித் துருத்தியை இழுத்தான்.

சுகேதோரா வாள் சுற்றிய துணிச் சுருளை வைக்கோல் மேல் வைத்தார். நாடாவை எடுத்துச் சட்டைக் கைகளைத் தோளோடு சேர்த்துக் கட்டினார். சம்மட்டியைத் தூக்கினார். அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பட்டடைக்கு முன்னால் போய் நின்றார்.

“அந்தப் பக்கம் இல்ல, மேஸ்திரி” என்றான் மொகிச்சி, தணலிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் இடது கை.”

அவர் இந்தப் பக்கம் மாறி நின்றார்.

மஞ்சளாகப் பழுத்த இரும்பு பட்டடைக்கு வந்தது. வளைவைப் பார்த்தாலே தெரிந்தது, அரிவாள்தான். மொகிச்சி அதன் முதுகில் மெல்லத் தட்டினான்.

டிங்.

சம்மட்டி எழுந்தது. தலைக்கு மேல் ஒரு கணம் தடுமாறி, இறங்கியது. தொம்.

“பிந்திட்டீங்க” என்றான் மொகிச்சி.

“ம்” என்றார் சுகேதோரா.